கட்டிலை நகர்த்திய டார்கஸ்

நான் குடியிருக்கும் வீட்டுக்கு முந்நூறு வயது. இதில் வாழ்ந்து போனவர்களில் ஒருவன் புகைக்கூண்டில் கள்ளச்சாராயம் ஒளித்தானாம். ஒருத்தி மூன்று கணவர்களை வழியனுப்பினாளாம். எனக்குப் பிடித்தவர் டார்கஸ் பில்பீம். அவர் செய்தது ஒன்றுதான்: கட்டிலை நகர்த்தினார்.

எங்கள் ஊர் எல்லை இந்த வீட்டுச் சமையலறைக்கு நடுவே போகிறது. அடுப்பு எங்கள் விக்கெல்டனில், மேசை பக்கத்து ஊர் பாட்டர்லியில். ரொட்டி வேகிறது ஓர் ஊரில், தின்பது இன்னோர் ஊரில். படுக்கையறை முழுக்கப் பாட்டர்லிக்குச் சொந்தம்.

டார்கஸின் கணவர் அமோஸ், விக்கெல்டன் கோயிலில் மணி அடித்தவர். பழைய பாதிரியார் எல்லையைக் கண்டுகொள்ளாமல் அவரை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார். அடுத்து வந்த கிரிம்வேட் பாதிரியாருக்கோ சட்டம் என்றால் உயிர்.

"அமோஸ் பக்கத்துல எனக்கும் ஒரு இடம் எழுதி வைங்க பாதிரியாரே."

"முடியாதும்மா. நீங்க எந்த ஊர்ல தூங்குறீங்களோ, அந்த ஊர்க் கல்லறைதான்."

"நாப்பது வருஷமா உங்க கோயில் தரையைத் தேய்ச்சேனே, அப்ப எந்த ஊருன்னு யாரும் கேக்கலியே!"

பாதிரியார் அசையவில்லை. டார்கஸ் வீட்டுக்கு வந்து கட்டிலைச் சமையலறைக்கு இழுத்தார்.

அந்த வசந்தத்தில், எல்லை மறந்துபோகாமலிருக்க வருஷாவருஷம் செய்வதுபோல், ஊரே வில்லோ மரக் குச்சிகளோடு எல்லையைத் தட்டிக்கொண்டு நடந்தோம். எல்லைக்கோடு உள்ளே போவதால் இந்த வீட்டில் மட்டும் பின்வாசலில் நுழைந்து ஜன்னல் வழியே ஏறிக் குதிக்க வேண்டும். முதலில் நுழைந்த பாதிரியார் கட்டிலில் முட்டிக்கொண்டார். அதில் டார்கஸ், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் தொப்பியோடு.

"என்னம்மா இது?"

"தூங்குறேன். அளந்துக்குங்க."

கோயில் காரியஸ்தர் ஹாப்டன் எல்லைக்கோட்டுக்கு நேராகக் கட்டிலின் குறுக்கே குச்சியை வைத்தார். அடுப்பு இடித்ததால் கட்டில் முழுதாக இந்தப் பக்கம் வரவில்லை.

"முட்டிக்குக் கீழ பாட்டர்லி. மிச்சமெல்லாம் நம்ம ஊருங்க."

"காலை வெட்டி அங்க அனுப்புறதுன்னா இப்பவே சொல்லிடுங்க, காலுறையைக் கழட்டி வைக்கிறேன்" என்றார் டார்கஸ்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த கெட்டில் ஆடியது. பாதிரியார் மட்டும் சிரிக்கவில்லை.

"அமோஸ் மேல அவ்வளவு பிரியமா?"

"பிரியமென்ன பிரியம்! பாதிச் சண்டையில விட்டுட்டுப் போன மனுஷன்." தொப்பியைச் சரிசெய்தார். குரல் இறங்கியது. "நான் பக்கத்துல இல்லேன்னா அவருக்குத் தூக்கமே வராதுங்க."

பாதிரியார் ஜன்னலில் ஏறினார். அந்தப் பக்கம் குதித்த பிறகுதான், "எழுதி வைக்கிறேம்மா" என்றார்.

டார்கஸ் இன்னும் பதினோரு வருஷம் இருந்தார். கல்லறை உரிமை போய்விடுமோ என்ற பயத்தில் மகள் வீட்டில்கூட ஒரு நாள் தங்கவில்லை. அடுப்போரமே படுத்ததால் தீப்பொறி பட்டு இரண்டு முறை தலைமுடி கருகியது.

அடக்கத்தன்று கிரிம்வேட் பாதிரியார் சீக்கிரமே வந்து குழியைப் பார்த்தார். அமோஸை விட்டு இரண்டடி தள்ளித் தோண்டியிருந்தார்கள். தோண்டியவனைக் கண்டபடி திட்டி, அதை மூடவைத்து, ஒட்டினாற்போல வேறு தோண்டவைத்தார்.