சட்டத்துக்கு இன்னும் டெக்சாஸ்காரி

லொரீன் குபேனா டெக்சாஸை விட்டு இல்லினாய்க்கு வந்தது ஒரு மார்ச் மாதம். கணவன் எமில் புற்றுநோயில் இறந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. தங்கை அடிலா தன் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த கொட்டகையைத் தருகிறேன் என்றாள். அதை நம்பி இரண்டு குதிரைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு இரண்டு நாள் ஓட்டி வந்தாள். ஒன்று வயதான பெட்டை. மற்றது அதன் குட்டி, எமில் கையில் பிறந்தது.

பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை கிடைத்தது. எமிலின் மருத்துவமனைக் கடன் கடிதங்களும் முகவரி விசாரித்துக்கொண்டு பின்னாலேயே வந்து சேர்ந்தன. காலையில் சோளக்காட்டு மூடுபனிக்குள் பேருந்தைச் செலுத்தும்போது, அந்த வெண்மைக்கு அப்பால் பழைய ஊரின் ஓக் மரங்கள் நிற்பதாகவே தோன்றும். பனி விலகும். அறுத்த காடு மட்டும் இருக்கும்.

மறு வருடம் நவம்பரில், இனித் தாங்காது, திவால் மனு கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தாள். அடிலா தடுத்தாள்.

"மார்ச் வரைக்கும் பொறுக்கா. ரெண்டு வருஷம் முடிஞ்சா நீ இந்த ஊர்க்காரி. இங்க உள்ள சட்டம் உன்னைப் பாத்துக்கும்."

வக்கீல் ரெனாட்டா ப்ரூயிட் அதைக் கேட்டு இல்லை என்று தலையசைத்தாள்.

"பொறுக்கவே கூடாதுங்க. எழுநூத்து முப்பது நாள் ஆகுற வரைக்கும் சட்டத்தோட கண்ணுக்கு நீங்க டெக்சாஸ்காரிதான். கடன்காரங்க கை வைக்காம எதை நீங்க வச்சுக்கலாம்னு அந்த ஊர்ச் சட்டம்தான் சொல்லும்."

"அப்ப இங்க வாசல்ல பனி தள்றது யாரு?"

ரெனாட்டா சிரித்துவிட்டாள். "அங்க ரெண்டு குதிரை வச்சுக்கலாம்னு எழுதியே இருக்கு. இங்க குதிரைன்னு பேச்சே இல்ல. எந்தப் பொருளா இருந்தாலும் நாலாயிரம் டாலர் வரைக்கும்னு ஒரு சலுகை, அவ்வளவுதான். உங்க குட்டி மட்டுமே எட்டாயிரம் போகும்."

லொரீன் இந்த ஊர்க்காரியாக ஆகிவிட எத்தனை பாடுபட்டிருந்தாள். தேவாலய விருந்துக்குக்கூடத் தன் ஊர்க் கொலாச்சி இனிப்பு ரொட்டியை விட்டுவிட்டு இவர்களைப் போல ஆப்பிள் பணியாரம்தான் செய்துகொண்டு போவாள். இன்னும் வந்து சேரவே இல்லை என்று யாரோ தோளைத் தொட்டுச் சொன்னதுபோல் இருந்தது. அது வலிக்கவில்லை. உடம்பு லேசானது.

டிசம்பர் முதல் வாரம் மனுவில் கையெழுத்திட்டாள். ஜனவரியில் விசாரித்த அதிகாரி காகிதங்களைப் புரட்டினார்.

"இங்க வர்றதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?"

"பொறந்ததுல இருந்து டெக்சாஸ்ல ஒரே மாவட்டம்."

"ரெண்டு குதிரையும் உங்களோடதா?"

"ஒண்ணு என்னோடது. குட்டி அவரோடது. இப்ப ரெண்டுக்கும் நான்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மேலே கேட்கவில்லை. குறித்த முப்பது நாளுக்குள் கடன்காரர் யாரும் ஆட்சேபிக்கவில்லை. குதிரைகள் அவளுக்கே என்றானது.

ஏப்ரலில் கடன் தீர்ந்ததாக நீதிமன்றக் கடிதம் வந்தது. அன்று மாலை, வளர்ந்துவிட்ட குட்டிக்கு முதன்முதலாகச் சேணம் பூட்டினாள். அது இரண்டடி பின்வாங்கியது, பிறகு அசையாமல் நின்றது. வேலியருகே அடிலா பயந்துபோய் நிற்க, லொரீன் மெல்ல ஏறி, ஈரக் காட்டின் நடுவே சூரியன் இறங்கும் பக்கமாகப் போனாள்.