மூச்சை அடக்கச் சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது. அம்பத்தூரில் ஒரு சிறிய மருத்துவமனையில், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு நடக்கும். நடை, கை கால் பயிற்சி எல்லாம் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணின் பொறுப்பு. கடைசி இருபது நிமிடம் யோகா. அதற்கு என்னை அழைத்திருந்தார்கள்.

முதல் நாளே அந்தப் பெண் சொல்லிவிட்டார். "சார், நாற்காலியில உட்கார வெச்சே செய்யுங்க. மூச்சை மெதுவா வெளிய விடுறதுதான் இவங்களுக்கு முக்கியம். உள்ள நிறுத்தி வைக்க மட்டும் சொல்லாதீங்க." தலையாட்டினேன். இருபது வருடமாகப் பிராணாயாமம் சொல்லித் தருகிறவனுக்கே பாடமா என்று உள்ளுக்குள் ஒரு எரிச்சல்.

வகுப்புக்கு வந்தவர்களில் கள்ளிக்குப்பத்துக்காரர் ஒருவர். பாலிஷ் பட்டறையில் முப்பது வருடம் தூசியைச் சுவாசித்தவர். வந்த புதிதில் வாசலிலிருந்து நாற்காலிக்கு வருவதற்குள் இரண்டு முறை நிற்பார். இரண்டே மாதத்தில் நிற்காமல் ஹாலை மூன்று சுற்று வந்தார். "மாஸ்டர், நேத்து நானே கடைக்குப் போயி பால் வாங்கிகினு வந்தேன்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

ஒரு நாள் பிசியோதெரபிஸ்ட் விடுப்பு. வகுப்பு முழுக்க என் கையில். மூச்சை இழுத்து உள்ளே நிறுத்தி, பத்து வரை எண்ணச் சொன்னேன். மற்றவர்கள் மூன்று, நான்கிலேயே விட்டுவிட்டார்கள். இவர் மட்டும் என் முகத்தையே பார்த்தபடி அடக்கிக்கொண்டிருந்தார். "சபாஷ், இன்னொரு தடவை" என்றேன். மூன்றாவது தடவையில் இருமல் வெடித்தது. உதடு நீலமாகிவிட்டது. நான் மரம் மாதிரி நின்றேன்.

வெளியே பெஞ்சில் இருந்த அவர் மனைவிதான் ஓடி வந்தார். அவரை முன்னால் சாய்த்து, கைகளை முட்டியில் ஊன்ற வைத்து, "ஊதுய்யா, சூடு டீய ஊதுற மாரி மெதுவா ஊது" என்று முதுகைத் தடவினார். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தார். நர்ஸ் ஆக்சிஜன் வைத்தார். அரை மணி நேரத்தில் மனிதர் தெளிந்தார்.

டாக்டர் வந்து என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கள்ளிக்குப்பத்துக்காரரே, "ஒண்ணியும் இல்ல டாக்டர். படியில வேகமா ஏறிகினு வந்துட்டேன்" என்றார். எனக்காகச் சொன்ன பொய். நான் மறுக்கவில்லை.

அதன்பிறகு அவர் வரவேயில்லை. இன்று வருவார், நாளை வருவார் என்று நாளைக் கடத்தினேன். ஐந்து மாதம் கழித்துத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கால்கள் இளைத்துக் குச்சியாகிவிட்டன. மூக்கில் ஆக்சிஜன் குழாய். "வாங்க மாஸ்டர்" என்று சொல்வதற்கே மூச்சு வாங்கியது.

ஏன் வருவதில்லை என்று கேட்டேன்.

"நம்ம நுரையீரல் அவ்ளோதான் மாஸ்டர். உடம்ப அசைச்சா அன்னிக்கு மாரி ஆயிடுமோன்னு பயமா கீது."

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். மூச்சை அடக்கச் சொல்லக் கூடாது என்று எனக்கு முன்பே தெரியும், தவறு முழுக்க என்னுடையது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கையை அசைத்தார், விடுங்கள் என்பதுபோல. அவர் மனைவி சிரிக்கவில்லை.

"இத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார். நானே கையப் புடிச்சி இட்டாந்திருப்பேனே."

மறுநாள் டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. அன்று மாலையே கள்ளிக்குப்பத்துக்குப் போய், பயிற்சியை முதலிலிருந்து ஆரம்பித்தார். இப்போது அந்த மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார். பழைய தெம்பு திரும்பவில்லை.

வீம்பில் மூச்சை அடக்கச் சொன்னதைக்கூட என்னால் ஒருவேளை மறக்க முடியும். ஆனால் என் தவறைத் தன் உடம்பின் குறை என்று நம்பிக்கொண்டு ஒரு மனிதர் ஐந்து மாதம் கட்டிலோடு கிடந்தாரே, அதை மறக்க முடியவில்லை.