கேட்காமல் எழுதிய சாட்சி

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். எங்கள் ஜெபக் குழுவில் ஜெபங்களுக்குக் கிடைத்த பதில்களைச் சாட்சிகளாக எழுதி, சொந்தச் செலவில் நூறு பிரதி அச்சடித்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

எதிர் மெஷினில் தைக்கும் ஸ்டெல்லாவின் கணவர், மூன்று மாதம் மறுவாழ்வு மையத்தில் தங்கிக் குடியை விட்டதையும் எழுதியிருந்தேன். பெயரை மாற்றியது போதும் என்று நினைத்தேன். ஆனால் ‘எதிர் மெஷின் சகோதரி’ என்று எழுதியிருந்தால் எங்கள் சபையில் யாருக்குத்தான் தெரியாது?

முதல் பிரதியை ஆசையாக அவளுக்கே கொடுத்தேன். மறுநாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“ஜெபம் பண்ணத்தானேக்கா சொன்னேன்? புக்குல போட சொன்னேனா? எம்பொண்ண பாத்துட்டுப் போனவங்களும் நம்ம சபைதான். அந்த மூணு மாசமும் அவரு வெளியூர்ல வேலைக்குப் போயிருந்தாருன்னு சொல்லி வெச்சிருக்கோம்.”

நல்லவேளை, மற்ற பிரதிகள் வீட்டில்தான் இருந்தன. மறுபடி அச்சடிக்க வழியில்லை. மூன்று நாள், வேலை விட்டு வந்ததும் தோல் வெட்டும் பிளேடால் ஒவ்வொன்றிலும் அந்தத் தாளை அறுத்தெடுத்தேன். தாளின் மறுபக்கத்தில் என் மகன் ஜுரத்தில் பிழைத்த சாட்சி இருந்தது. அதுவும் சேர்ந்து போயிற்று.

இப்போது யாரைப் பற்றி எழுதினாலும், முதலில் அவர்களுக்கே படித்துக் காட்டுகிறேன். வேண்டாம் என்றால் எழுதியதை நீக்கிவிடுகிறேன்.

ஸ்டெல்லா இன்னும் எதிர் மெஷினில்தான் தைக்கிறாள். ஜெபத்தில் வைக்க ஏதாவது குறிப்பு உண்டா என்று வாராவாரம் கேட்கிறேன்.

“ஒண்ணுமில்லக்கா” என்கிறாள்.