பெட்டியக்கா திறந்த படம்

விமான நிலையத்தில் அவரை எல்லோரும் பெட்டியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தொலைந்த பெட்டிகளைத் தேடிக் கொடுக்கும் மேசையில் பதினேழு வருடமாக இருப்பவர். ஆத்திரத்தோடு வந்து கத்துகிறவர்களை முழுக்கக் கத்தவிட்டு, “சக்கரம் ரெண்டா, நாலா?” என்று ஆரம்பிப்பார். பாதிக் கோபம் அதிலேயே இறங்கிவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அம்மாவின் மருந்தெல்லாம் தொலைந்த பெட்டியில் இருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன், சீக்கிரம் பாருங்கள் என்று யாரோ கெஞ்சி எழுதியிருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் படங்களைத் திறப்பதுதான் அவர் வேலையே. திறந்தார். படம் வரவில்லை. திரை ஒருமுறை அணைந்து எரிந்தது. அவர் கை படாமலே அம்புக்குறி நகர்ந்தது.

யாரும் பார்க்கவில்லை; பேசாமல் இருந்துவிடலாம். கண்ட மின்னஞ்சலைத் திறப்பவர்களுக்கு வேலை போய்விடும் என்று போன மாதம்தான் மேலாளர் மிரட்டியிருந்தார். பெட்டியக்கா குனிந்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினார். கணினிப் பிரிவுக்குப் போன் செய்தார்.

“தப்பு பண்ணிட்டேன் சார். எதையோ திறந்துட்டேன். உள்ள யாரோ பூந்துட்டாங்கன்னு நினைக்கிறேன்.”

உடனே எல்லாக் கணினிகளையும் நிறுத்தினார்கள். மூன்று மணி நேரம் போர்டிங் பாஸைக் கையால் எழுதினார்கள். வரிசை வாசல்வரை நீண்டது. மேலாளர் பயணிகள் முன்னாலேயே அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். பெட்டியக்கா முகம் கழுவிக்கொண்டு வந்து, வரிசையில் நின்றவர்களின் பெட்டிகளுக்குச் சீட்டு எழுதிக் கட்டினார்.

சாயங்காலம் கணினிப் பிரிவுத் தலைவர் மேலாளரிடம் விஷயத்தைச் சொன்னார். பலரும் மாறி மாறி உட்காரும் ஒரு கவுண்டரில், இரண்டு நாள் முன்பே அதே படத்தை யாரோ திறந்திருக்கிறார்கள். திருடர்கள் அந்த வழியாக விமான அட்டவணை வரைக்கும் வந்துவிட்டார்கள். இந்த அம்மா வாயைத் திறந்திருக்காவிட்டால் நாளைக்கு ஒரு விமானமும் கிளம்பியிருக்காது.

ஆனாலும் விதிப்படி எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பெட்டியக்கா கையெழுத்துப் போட்டார். இனிமேலாவது வாயை மூடிக்கொண்டிரு என்றார் வீட்டுக்காரர்.

“இல்லாத அம்மாவுக்கு மருந்து தேடப் போனேன் பாருங்க, அதுதான் எனக்கு ஆறல,” என்றார் பெட்டியக்கா.

வியாழக்கிழமை, கவுண்டரில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி அவர் மேசைக்கு வந்தாள்.

“அக்கா, முதல்ல திறந்தது நான்தான்.”

பெட்டியக்கா எழுந்தார். மேசையைப் பூட்டிவிட்டு, அவளோடு கணினிப் பிரிவுக்கு நடந்தார்.