மார்வெலா கேட்ட பங்கு

மார்வெலா ட்ருஹியோ உடற்பயிற்சி வகுப்பு எடுத்த இடம் ஒரு காலத்தில் சோபா விற்ற கடை. கொலராடோவின் அந்த எஃகு ஆலை ஊரில், கடை மூடிய பிறகு ஒரு சார்ட்டர் பள்ளி அங்கே குடியேறியது. அதுவும் பொதுப் பள்ளிதான், பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் தனிக் குழு நடத்தும் பள்ளி என்பதால் பாடம் நடத்தத்தான் அரசுப் பணம் வந்தது, கட்டடத்துக்கு வரவில்லை. ஆசிரியர் சம்பளத்தில் கை வைத்துத்தான் வாடகை கட்டினார்கள்.

கூடத்தின் நடுவே வரிசையாகத் தூண்கள். பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிய நேவா என்ற சிறுமி தூணில் மோதி முன்பல்லை உடைத்துக்கொண்டாள். அன்று மாலை மார்வெலா தன் வீட்டுக் கட்டில் மெத்தையைத் தூக்கிவந்து அந்தத் தூணைச் சுற்றிக் கட்டினாள். மற்ற தூண்களுக்கும் தெருத்தெருவாகக் கேட்டுப் பழைய மெத்தைகள் சேர்த்தாள்.

இரண்டு தெரு தள்ளி, மாவட்டப் பள்ளிகளை நடத்தும் வாரியத்தின் பள்ளி ஒன்று வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. மரத்தளம் போட்ட விளையாட்டுக் கூடம், குளிருக்குக் கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலன் மட்டும் பழுது.

அந்த வருடம் பள்ளிகளைப் பழுது பார்க்கப் பெரிய கடன் வாங்குவது என்று வாரியம் முடிவு செய்தது. ஊர் வாக்களித்தால்தான் நடக்கும், வீட்டு வரியில்தான் கடன் அடையும். சார்ட்டர் பள்ளிக்கு அதில் ஒன்றும் ஒதுக்கவில்லை. வாரியக் கூட்டத்தில் மார்வெலா எழுந்தாள்.

"அந்த வரியை எங்க பிள்ளைங்களோட அப்பா அம்மாவும்தானே கட்டப்போறாங்க?"

தலைவர் விட்கோம்ப் கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ் ட்ருஹியோ, தனியா பள்ளி வேணும்னு போனது நீங்க. இப்ப கட்டடமும் வேணும்னா எப்படி?"

"போனது பள்ளி. பிள்ளைங்க இந்த ஊர்லயேதான் இருக்காங்க. பல்லு உடைஞ்சதும் இந்த ஊர்லதான்."

"உங்க நேரம் முடிஞ்சுது, உட்காருங்க."

"உட்கார மாட்டேன். எங்க பங்கு இல்லேன்னா 'வேண்டாம்'னு ஓட்டுப் போடுங்கன்னு வீடு வீடா போய்ச் சொல்லுவேன்."

மறுவாரமே வாரியத்திலிருந்து ஒருவர் வந்தார். புதிய கூடம் உள்ள பள்ளியில் நல்ல வேலை, இப்போது வாங்குவதைவிடக் கூடுதல் சம்பளம் தருவதாக ஆசை காட்டினார். மார்வெலா அவரைத் தூண்களின் பக்கம் கூட்டிப்போய், "இந்த மெத்தைங்களை யார் பாத்துக்குவா, நீங்களா?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

தங்கை கொரீனாவை அப்படி அனுப்ப முடியவில்லை. அவள் மாவட்டப் பள்ளி ஆசிரியை. அவள் வகுப்புக் கூரை ஒழுகியது.

"அக்கா, என் கிளாஸ்ல பிள்ளைங்க வாளிக்கு நடுவுல உக்காந்து படிக்குதுங்க. அந்தக் கூரையையா நீ தடுக்கப்போற?"

"உன் கூரை வேண்டாம்னு நான் சொல்லலையே. எங்களையும் சேருங்கன்னுதான் சொல்றேன்."

"சேக்கலைன்னா?"

"சேக்குற வரைக்கும் விடமாட்டேன்டி."

"பிடிவாதக் கழுதை!" என்று கத்திவிட்டுக் கொரீனா காரைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

மார்வெலா சொன்னபடியே கதவு கதவாகத் தட்டினாள். சிலர் காபி கொடுத்தார்கள், சிலர் நாயை அவிழ்த்துவிட்டார்கள். நவம்பரில் வாக்கெண்ணிக்கை முடிந்தபோது கடன் திட்டம் மயிரிழையில் தோற்றுப்போயிருந்தது.

அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கக் கொரீனாவின் வகுப்பில் வாளிகள் நிறைந்தன. கிறிஸ்துமஸுக்கு அவித்த தமாலே என்ற சோளக் கொழுக்கட்டைகளை மார்வெலா தங்கை வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள், பாத்திரம் திறக்கப்படாமல் திரும்பி வந்தது. கடையில் தெரிந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரவில் தூக்கம் வராமல் புரண்டாள். ஆனாலும், "தப்பு பண்ணிட்டேன்" என்று அவள் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை.

வசந்தத்தில் விட்கோம்ப் தானே சோபாக் கடைக்கு வந்தார். தூண்களைச் சுற்றிவந்து ஒரு மெத்தையை அழுத்திப் பார்த்தார்.

"பூட்டிக் கிடக்குற பள்ளியைச் சரிபண்ணி உங்களுக்குக் குடுக்குறதா திட்டத்துல சேத்தா, ஆதரிப்பீங்களா?"

"எழுத்துல குடுங்க. அப்புறம் பாருங்க, அதே கதவுங்களை மறுபடி தட்டுவேன்."

தட்டினாள். "போன வருஷம் வேண்டாம்னு சொன்ன வாய்தானே இது?" என்று சிரித்தவர்களிடம், "அதே வாய்தான், இப்ப 'போடுங்க'ன்னு சொல்லுது" என்றாள். இம்முறை திட்டம் ஜெயித்தது. முதலில் கொரீனாவின் பள்ளிக்குக் கூரை வந்தது, அடுத்த வருடம் பூட்டியிருந்த பள்ளி திறந்தது.

திறந்த வாரத்தில் கொரீனா விளையாட்டுக் கூடத்துக்கு வந்து வாசலிலேயே நின்றாள். பிள்ளைகள் சுவருக்குச் சுவர் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு குளிர்காலம் பூரா என் பிள்ளைங்க நனைஞ்சுதுங்க. மன்னிப்புக் கேக்கவே மாட்டியா அக்கா?"

"நனைஞ்சதுக்கு வருத்தம் இருக்கு. பங்கு கேட்டதுக்கு மன்னிப்புக் கிடையாது."

கொரீனா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"சரி, அந்தப் பந்தைப் போடு."