காப்பிக்குள் ஒரு மெழுகுக் குப்பி

எங்கள் வீட்டில் காப்பியின் சூட்டைச் சொல்ல மூன்று கைகள் இருந்தன. என் கணவருடையது காகிதத்தைத் தவிர எதையும் பிடித்திராத அரசாங்கக் கை. டம்ளரைத் தொட்டதும் "கொதிக்குது" என்பார். மாமியாருடையது சோற்றுப்பானையைத் துணியில்லாமல் இறக்குகிற கை. அதே டம்ளரை உள்ளங்கையில் ஏந்தி, "வெதுவெதுன்னுதான் இருக்கு" என்பார். என் கையைப் பற்றி நானே சொல்லிக்கொள்வது அழகில்லை.

எழுபதுகளின் கடைசியில் மாமனாருக்கு லேசாகப் பக்கவாதம் வரும்வரை இது வெறும் வேடிக்கையாக இருந்தது. அவருக்குக் கையும் காலும் மீண்டுவிட்டன; வாய்க்குள் மட்டும் சூடு தெரியாமல் போயிற்று. ஒருநாள் மாமியார் வெதுவெதுப்பு என்று கொடுத்ததை நிம்மதியாகக் குடித்து முடித்தார். மறுநாள் பல் விளக்கும்போது அண்ணத்தில் தோல் உரிந்து வந்த பிறகுதான் வெந்துபோனது அவருக்கே தெரிந்தது.

டாக்டர் ஆறவைத்துக் கொடுக்கச் சொன்னார். பயத்தில் நாங்கள் ஆற்று ஆற்று என்று ஆற்றினோம். வாயில் தெரியாவிட்டாலும் நெஞ்சுக்குள் சூடு இறங்குவது அவருக்குத் தெரியும். "ஏம்மா, இது காப்பியா, கழனித்தண்ணியா?" என்று என்னைக் கேட்பார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் எல்லையில் நின்று ஊரார் மூட்டையை எல்லாம் சோதித்த சுங்கக்காரர் அவர். இப்போது அவருடைய ஒரு டம்ளர் காப்பியை நாங்கள் மூன்று பேர் சோதனை போட்டோம்.

ஒருநாள் மாமியார், குழந்தைக்குப் பால் பார்ப்பதுபோல், புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். மாமனார் டம்ளரைத் தள்ளி வைத்தார். "நான் கைப்புள்ள இல்ல" என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் காப்பியே குடிக்கவில்லை.

எனக்கு அது பொறுக்கவில்லை. கல்யாணமான புதிதில் நான் வேலைக்குப் போகலாமா என்று வீடே கூடிப் பேசியபோது, "போவட்டுமே" என்று ஒரே சொல்லில் முடித்து வைத்தவர் அவர். அந்த வேலைதான், பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுப்பது. அந்த விஞ்ஞானம் அவருடைய காப்பிக்குக்கூட உதவவில்லை என்றால் எதற்கு?

முதலில் பள்ளிக்கூடத்துத் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்தேன். "காய்ச்சல் எனக்கா, காப்பிக்கா?" என்றார். உடைந்தால் பாதரசம் காப்பியில் கலக்குமே என்று எனக்கும் பயம், திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் மெழுகு நினைவுக்கு வந்தது. உருகினால் தண்ணீராகத் தெளியும், இறுகினால் வெளுக்கும், அதுவும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில். கம்பவுண்டரிடம் காலி ஊசிமருந்துக் குப்பி ஒன்று வாங்கிக் கொதிக்கவைத்துக் கழுவினேன். மிதக்காமல் இருக்க உள்ளே ஓர் ஈயக்குண்டு. வலையில் கோக்கிற அந்தக் குண்டை, எங்களுக்கு மீன் கொண்டுவரும் பட்டினச்சேரி அம்மா எதற்கு என்றுகூடக் கேட்காமல் கொடுத்தார். அதன்மேல் கடை மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி, ரப்பர் மூடியை அழுத்தி, கம்பியில் கட்டி, டம்ளர் விளிம்பில் மாட்டினேன். தூக்கிப் பார்க்க வேண்டும். வெளுத்திருந்தால் குடிக்கலாம். யாரும் தொட வேண்டாம், யாரும் சொல்ல வேண்டாம்.

மாமனார் பத்துத் தடவை தூக்கிப் பார்த்தார். "இது வெளுக்குறதுக்குள்ள மத்தியானச் சோறு வந்துரும்மா" என்றார். கடை மெழுகு மட்டரகம், காப்பி நன்றாக ஆறிய பிறகுதான் இறுகியது. சூடு இருக்கும்போதே இறுகுகிற கெட்டி மெழுகு எனக்கு வேண்டும். அது வீட்டில் ஒரே இடத்தில்தான் இருந்தது, மாதா படத்துக்குப் பின்னால்.

பிப்ரவரியில் மெழுகுவர்த்தித் திருநாளில் கோயிலில் மந்திரித்து வாங்கி வருகிற வர்த்தி அது. புயல் அடிக்கும்போது மாமியார் அதைத்தான் ஏற்றி வைப்பார். நான் யாருக்கும் தெரியாமல் அடியில் ஒரு விரல்கடை வெட்டினேன். மறுநாள் காலையில் ஆவி பறக்கும்போதே குப்பி வெளுத்தது. "வெளுத்துருச்சு" என்று மாமனார் தெருவுக்கே கேட்கிற மாதிரி அறிவித்துவிட்டுக் குடித்தார். அவர் வாய் வேகவில்லை.

மாமியாருக்குத்தான் மனம் வெந்தது. "நாப்பது வருசமாத் தொட்டுப் பாத்துக் குடுத்த கை இது. இப்ப அதுக்கு ஒரு குப்பி சாட்சி சொல்லணுமா?" என்றார். குப்பி தொங்கிக்கொண்டிருந்தாலும், டம்ளரை ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

அந்த வருஷத்தில் மூன்று குப்பிகள் உடைந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல்கடை. புயல்மழை நாள் ஒன்றில் மாமியார் வர்த்தியை எடுத்தார். அது அவர் கையளவுகூட இல்லை. அடியில் கத்தி வெட்டிய தடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அந்தக் கைக்குச் சூடுதான் தெரியாது, மற்றதெல்லாம் நன்றாகவே தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மிச்சத்தை ஏற்றி வைத்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த பிப்ரவரித் திருநாளில் பூசை முடிந்து வந்தவர், முந்தானையிலிருந்து இரண்டு வர்த்திகளை எடுத்தார். ஒன்றை மாதாவுக்குப் பின்னால் வைத்தார். இன்னொன்றை என்னிடம் நீட்டினார்.

"இது அவுங்க காப்பிக்கு. இதையும் சேத்துத்தான் மந்திரிச்சு வாங்கியாந்தேன். இனிமே திருடாத."

அன்று காப்பியை அவரே கொண்டுபோய் வைத்தார். டம்ளரைத் தொட்டுப் பார்க்கவில்லை. மாமனாருக்கு எதிரில் உட்கார்ந்து, கம்பியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளுத்துருச்சு, குடிங்க" என்றார்.