சில்லு வைத்த பீரங்கி

ஞாயிற்றுக்கிழமைகளில், இங்கே கனடாவில் அஜக்ஸ் நகரத்திலுள்ள அக்கா வீட்டுக்குப் போகும் ரயிலில் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் வீடியோ பார்ப்பேன். போன கிழமை உக்ரேன் போரிலிருந்து ஒன்று வந்தது. சோவியத் காலத்து நூற்று முப்பது மில்லிமீற்றர் பீரங்கி. நீளக் குழல், விரித்து மண்ணில் ஊன்றும் இரண்டு இரும்புக் கால்கள், இரண்டு பெரிய ரப்பர்ச் சில்லுகள். அந்தச் சக்கரங்கள் உருள ஒரு கனரக வாகனம் அதை இழுத்துக்கொண்டு போனது. இயந்திரவியல் படித்தவள் நான், எதையும் பாகம் பாகமாகத்தான் பார்ப்பேன். அன்றைக்குச் சில்லோடு நின்றுவிட்டேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள். வன்னியில் என் சிறுவயதை ஆண்டது இந்த வகை ஆட்லறிதான், ஆனால் அதை நான் ஒருநாளும் கண்டதில்லை. கேட்டது மட்டும்தான். தூரத்தில் உரலில் இடிப்பதுபோல ஒரு சத்தம். "குத்திட்டான்" என்பார் அம்மா, ஆமி சுட்டுவிட்டான் என்று அர்த்தம். அந்தக் குண்டு, செல், வந்து விழுவதற்கிடையில் அவருக்கு ஒரே வேலை, சோற்றுப் பானையை மூடித் தூக்கிக்கொண்டு பங்கருக்குள், முற்றத்துப் பதுங்குகுழிக்குள், இறங்குவது. மூடாவிட்டால் சோற்றில் மண். உள்ளே ஈரமண்ணும் வெந்த சோறும் சேர்ந்து மணக்கும். இப்போது குக்கரைத் திறந்தால் அதில் பாதி மணம்தான் வருகிறது.

அங்கேதான் எங்கள் சண்டை நடக்கும்.

"அதுக்குச் சில்லு இருக்குமடி. இல்லாட்டி எப்பிடி எங்களுக்குப் பின்னால பின்னால வரும்?" என்பாள் அக்கா. நாங்கள் இடம்பெயர்ந்த ஊருக்கெல்லாம் அந்தச் சத்தமும் வந்து சேர்ந்தது உண்மைதான். எனக்கு ஒத்துக்கொள்ள மனமில்லை.

"உனக்கு விசர் அக்கா. அது கோபுரம் மாதிரிப் பெருசு. கொங்கிறீட் போட்டு ஊண்டியிருப்பாங்கள்."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ. செல்லை விட உங்கட கரைச்சல் பெருசு" என்பார் அம்மா.

கனடாவுக்கு வந்தபின் அக்கா வன்னியைப் பற்றி வாயே திறப்பதில்லை. கேட்டால் எழும்பிப் போய்விடுவாள். அம்மாவும் போனபின் எனக்கு அந்த நாட்களைப் பேச வேறு ஆளில்லை. நான் என் தோல்வியை ஒத்துக்கொண்டாலாவது பேசுவாள் என்று நினைத்தேன். தங்கச்சியை வெல்வது யாருக்குக் கசக்கும்?

அன்றைக்கு அக்கா வீட்டு அடுப்படியில் அந்த வீடியோவோடு போனை நீட்டினேன். "அக்கா, நீ சொன்னதுதான் சரி. சில்லு இருக்கு."

அகப்பையோடு குனிந்து பார்த்தாள். "நான் எங்க சொன்னனான்? கோபுரம் எண்டு நிண்டது நானெல்லே. சில்லு எண்டது நீ."

"இல்லை அக்கா, நீ."

"எனக்கு நல்ல ஞாபகம். பின்னால வருமெண்டு நீ சொல்லிச் சொல்லியே அப்ப எனக்கு நித்திரை வாறேல்லை." அடுப்பை அணைத்தாள். "சாப்பிட வா."

தீர்ப்புச் சொல்ல அம்மா இல்லை. அந்தப் பங்கரையும் மூடி, மேலே யாரோ வீடு கட்டிவிட்டார்களாம். மூன்று பேரும் முழங்கால் முட்ட ஒன்றாக இருந்தோம் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அக்கா இருந்த பங்கருக்குள் நான் இருந்ததே இல்லைப் போலிருக்கிறது.